மாப் போட்ட அன்று வரும் இருமல்

கேள்வி: எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். பழைய வீடு, மொசைக் தரை. மகளுக்கு ஏழு வயது. நாலு வயதிலிருந்தே வீசிங் உண்டு, இன்ஹேலர் எடுக்கிறாள். வேலைக்கு வரும் அக்கா லாவெண்டர் வாசனை ஃப்ளோர் கிளீனர் ஊற்றித் துடைக்கிற நாளில் அவளுக்கு இருமல் ஆரம்பித்துவிடுகிறது. இனி கெமிக்கலே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். யூடியூபில் வினிகரையும் பேக்கிங் சோடாவையும் கலந்து துடைக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் பழத்தோலில் பயோ என்சைம் போடுகிறார்கள். தோழி, நீலகிரித் தைலம் நாலு சொட்டு போதும் என்கிறாள். என் மாமியாரோ, பினாயில் வாசனை வராத வீடு துடைத்த வீடே இல்லை என்கிறார். பீரோவில் அந்துருண்டை போடுவதும் அவர்தான். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நான் டாக்டர் இல்லை, வேதியியல் படித்தவன். இருபது வருடத்துக்கு மேல் தரை துடைக்கும் திரவமும் பாத்திரம் விளக்கும் திரவமும் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டிபன் பாக்ஸிலிருந்து சட்டை வரை எல்லாம் லாவெண்டர் மணக்கும். அந்த நாற்றத்தோடு சமையலறைப் பக்கம் வராதீர்கள் என்று மனைவி துரத்துவாள். அதனால் வாசனை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு.

தொழிற்சாலையில் ஃப்ளோர் கிளீனர் எப்படித் தயாராகிறது தெரியுமா? பெரிய தொட்டியில் தண்ணீர். அதில் நுரைப்பொருள், கிருமிநாசினி, நிறம். எல்லாம் கரைந்து, சூடு இருந்தால் ஆறின பிறகு, கடைசியாகத்தான் வாசனை டிரம்மைத் திறப்போம். சூட்டில் ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும். விலையும் அதற்குத்தான் அதிகம். அதை ஊற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்பும் அந்தத் திரவம் இதே அளவுக்குத் தரையைச் சுத்தம் செய்யும். வாசனைக்கும் அழுக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒரே சரக்கில் பாதிக்கு மட்டும் வாசனையைக் கூட்டிப் போட்டுத் தெரிந்த வீடுகளில் கொடுத்துப் பார்த்தால், கூட்டிப் போட்டதுதான் நன்றாகச் சுத்தம் செய்கிறது என்பார்கள். எங்களுக்கே சிரிப்பு வரும். உங்கள் மாமியார் சொல்வதும் இதே கதைதான். அவரைக் குறை சொல்லாதீர்கள், மூக்கை அப்படிப் பழக்கிவிட்டது எங்கள் தொழில்.

பினாயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுப்புப் பினாயில் நிலக்கரித் தாரிலிருந்து வருவது. வெள்ளைப் பினாயில் பெரும்பாலும் பைன் எண்ணெய். தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி ஆகிறதல்லவா, அதைப் பார்த்து "நல்ல சரக்கு" என்பார்கள். எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாகப் பிரிந்து தண்ணீரில் மிதப்பதுதான் அந்த வெள்ளை. அதை வைத்துக் கிருமி எவ்வளவு சாகும் என்று சொல்ல முடியாது. தெருவில் தள்ளுவண்டியில் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிற பினாயிலை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். குழந்தை இருக்கிற வீட்டில் குடிக்கிற பாட்டிலில் விஷம் இருக்கக் கூடாது.

சரி, உங்கள் மகளின் இருமலுக்கு வருவோம். நீங்கள் சொல்கிற வகை திரவத்தில் இரண்டு பேர் மேல் சந்தேகப்படலாம். ஒன்று வாசனை. லேபிளில் 'பெர்ஃப்யூம்' என்று ஒரே சொல்தான் இருக்கும், அதற்குள் பல பத்துப் பொருட்கள் இருக்கலாம். இரண்டாவது கிருமிநாசினி. லேபிளைத் திருப்பிப் பாருங்கள், 'பென்சால்கோனியம் குளோரைடு' என்று போட்டிருக்கும். அந்தக் குடும்பத்து ரசாயனங்களை நாள் முழுக்கப் புழங்குகிற துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவ உலகுக்குத் தெரிந்த விஷயம். நார்வேயில் பெர்கன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இருபது வருடம் தொடர்ந்து கவனித்து 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டிலோ வேலையிடத்திலோ சுத்தம் செய்கிற பெண்களுக்கு, அப்படிச் செய்யாத பெண்களைவிட நுரையீரல் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். தினமும் குனிந்து துடைக்கிற அந்த அக்காவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் தேர்வு செய்ய நினைக்கிற பட்டியலைப் பார்த்ததும் எனக்கு ஒரு பயம் வந்தது. லாவெண்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீலகிரித் தைலத்தை வைக்கப் போகிறீர்கள். உங்கள் மகளின் மூச்சுக்குழாய்க்கு அது மரத்திலிருந்து வந்ததா, டிரம்மிலிருந்து வந்ததா என்று தெரியாது. எலுமிச்சைத் தோல் எண்ணெயில் அதிகம் இருக்கும் லிமோனீன் தோலிலிருந்து பிழிந்தாலும் அதேதான், பாட்டிலில் வாங்கினாலும் அதேதான். காற்றில் இருக்கும் ஓசோனோடு அது சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது, மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. லாவெண்டரில் உள்ள லினலூல் காற்றுப்பட்டுப் பழசானால் தோலில் அலர்ஜி வரவழைக்கும். இதிலும் அசல் லாவெண்டர், போலி லாவெண்டர் என்ற பேதம் இல்லை. ஐரோப்பாவில் 2005 முதல் சலவை, துப்புரவுப் பொருட்களின் லேபிளில், அளவு ஒரு வரம்பைத் தாண்டினால், 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் வந்தது. லிமோனீனும் லினலூலும் அந்தப் பட்டியலில் உண்டு.

அமெரிக்காவில் ஆன் ஸ்டைன்மன் என்ற பேராசிரியை இதைச் சோதித்தே பார்த்தார். வாசனையுள்ள 25 பொருட்களை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்டார். அவற்றிலிருந்து காற்றில் கலந்தவை மொத்தம் 133 வகை ஆவிப் பொருட்கள். 'இயற்கை', 'பசுமை' என்று லேபிள் ஒட்டியவை மற்றவற்றைவிடக் குறிப்பிடும்படி குறைவான நச்சு ஆவியை விட்டதாகத் தெரியவில்லை. ஆக, வாசனையை மாற்றுவதில் பயனில்லை, நிறுத்த வேண்டும். சுத்தமான தண்ணீருக்கு என்ன வாசனையோ, சுத்தமான தரைக்கும் அதே வாசனைதான்.

இதே கணக்கில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எல்லாம் வந்துவிடும். அவற்றில் வாசனையோடு புகையும் சேர்ந்திருக்கிறது. பூஜையை நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் மாமியார் என் மேல் கோபித்துக்கொள்வார். நெய் விளக்கு எரியட்டும், பூ மணக்கட்டும். சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

வினிகர், பேக்கிங் சோடா கலவைக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒன்று அமிலம், இன்னொன்று காரம். சேர்த்தால் நுரைத்துப் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். பொங்கி அடங்கியதும் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். வினிகரின் வேலையையும் கெடுத்து, சோடாவின் வேலையையும் கெடுத்துவிட்டு அதில் துடைக்கிறோம். இரண்டும் தனித்தனியாக நல்ல பொருட்கள். ஒன்றாக ஊற்றினால் ஒன்றுக்கும் உதவாது.

அதிலும் உங்கள் வீடு மொசைக் தரை. மொசைக்கில் பதித்திருப்பது சலவைக்கல் சில்லு, பிடித்து வைத்திருப்பது சிமெண்ட். இரண்டையும் அமிலம் தின்னும். நம்பிக்கை இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு போய் வெளுத்த வட்டம் ஒன்று நிற்கும். அந்த வட்டம் போகாது, திரும்ப பாலிஷ் போட்டால்தான் உண்டு. வினிகர், எலுமிச்சை, புளி, சிட்ரிக் ஆசிட், பயோ என்சைம் எல்லாமே அமிலம்தான். கடப்பா மேடைக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதே எச்சரிக்கை. மழமழவென்ற விட்ரிஃபைட் டைல்ஸுக்குப் பிரச்சினை இல்லை.

பயோ என்சைம் என்பது ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர் போட்டு மூன்று மாதம் புளிக்க வைப்பது. என்சைம் என்று பெயர் இருந்தாலும், அதில் வேலை செய்வது பெரும்பாலும் புளிப்பிலிருந்து வரும் அமிலம்தான். தோலை வீணாக்காமல் பயன்படுத்துகிறார்கள், நல்ல விஷயம். கழிப்பறைப் பீங்கானுக்கும் குழாயில் படியும் உப்புக்கும் உதவும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். மறந்தால் பாட்டில் வெடித்து, சமையலறைச் சுவரில் ஆரஞ்சுத் தோல் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஒட்டியது. பழைய பெயிண்டின் மேல் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. ஆனால் அதிலும் பழத்தோலின் எண்ணெய் மணம் உண்டு, அதனால் உங்கள் மகள் இருக்கும் அறைகளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அப்போது எதில்தான் துடைப்பது என்கிறீர்களா? வெறும் தண்ணீரில். நிஜமாகத்தான் சொல்கிறேன். கூடத்திலும் படுக்கையறையிலும் தினமும் சேர்வது தூசி, முடி, மணல். அதற்கு ஈரத்துணி போதும். இரண்டு பக்கெட் வையுங்கள், ஒன்றில் அலசுவதற்கு, ஒன்றில் நல்ல தண்ணீர். நாலு அறையையும் ஒரே அழுக்குத் தண்ணீரில் துடைத்துவிட்டு அந்த வாடையை மறைக்கத்தான் பாதி வீடுகளில் ஃப்ளோர் கிளீனர் செலவாகிறது. மாப் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் ஒரு கைப்பிடி வாஷிங் சோடா போட்டு ஊறவைத்து, அலசி, வெயிலில் காயப் போடுங்கள். பாத்ரூம் மூலையில் ஈரமாகவே நிற்கிற மாப்தான் வீட்டுக்குள் வருகிற முதல் துர்நாற்றம்.

வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்கப் பூந்திக்கொட்டை போடலாம். நகைக்கும் பட்டுக்கும் நம் வீடுகளில் காலங்காலமாகப் புழங்கியதுதான். பதினைந்து கொட்டை எடுத்து, உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எறிந்துவிடுங்கள், நுரை மேல்தோலில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் அப்படியே அடுப்பில் வைத்துக் கால் மணி நேரம் கொதிக்க விட்டால், தோல் வெந்த புளி மாதிரிக் குழைந்து வரும். ஆறியதும் கையால் பிசையுங்கள். மோர் கடைந்தது போல் நுரை எழும்பும். வடிகட்டினால் டிக்காஷன் நிறத்தில் ஒரு திரவம். அரை பக்கெட் தண்ணீருக்கு ஒரு டம்ளர் போதும். வேகும்போது ஒரு புளித்த வாடை வரும், அது தரையில் தங்காது. வெளியில் வைத்தால் மூன்று நாள், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். அதற்குமேல் புளித்துப்போகும், பிரிசர்வேட்டிவ் இல்லாத எதற்கும் அதுதான் விலை. பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பூந்திக்கொட்டைப் பொடியோ சீயக்காய்ப் பொடியோ மூக்கில் ஏறினால் நல்லவர்களுக்கே தும்மல் அடங்காது. வீசிங் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் பொடி வேண்டாம், கொட்டையாகவே வாங்குங்கள். துடைத்த தண்ணீரை மீன் தொட்டியிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். அந்த நுரைப்பொருள் மீன்களுக்கு ஆகாது.

அடுப்பு மேடைப் பிசுக்குக்கு வாஷிங் சோடா. கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும், வாசனை கிடையாது. வண்ணார்கள் உவர்மண் கொண்டு வெளுத்த காலத்தில் அந்த மண்ணில் வேலை செய்ததும் இதே சோடாதான். ஒரு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்துத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை துடையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் படவிடாதீர்கள், கறுத்துவிடும். பித்தளைக்குப் புளி. அதற்கு நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கழிப்பறைப் பீங்கானில் போர் தண்ணீரின் உப்பு மஞ்சளாகப் படிந்திருந்தால் இரவில் மூன்று மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூவிவிட்டுக் காலையில் பிரஷ் போடுங்கள். கடையில் விற்கும் டாய்லெட் கிளீனர்களில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதன் ஆவியே நெஞ்சை எரிக்கும். அப்புறம் ஒன்றை அந்த அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். எந்த ஆசிடாக இருந்தாலும் சரி, சிட்ரிக், வினிகர், டாய்லெட் கிளீனர் எதுவானாலும், பிளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய பாத்ரூமில் அது நல்ல நுரையீரலையே மடக்கிவிடும். பளிச்சென்று ஆகட்டும் என்று இரண்டையும் கலந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

அதற்காகப் பிளீச்சிங் பவுடரை எதிரியாக்கி விடாதீர்கள். வீட்டில் யாருக்காவது வாந்திபேதி என்றால், பூந்திக்கொட்டையையும் புளியையும் நம்பி உட்காரக் கூடாது. வாந்தி பட்ட இடத்தை முதலில் காகிதம் வைத்து எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து அலசிவிட்டு, அப்புறம் பிளீச்சிங் கரைசல். மகளை அன்று வேறு அறையில் வைத்து ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மற்ற நாட்களில் தரையில் கிருமி சாக வேண்டிய அவசியமே இல்லை. நாம் தரையில் ஆபரேஷன் செய்வதில்லையே.

பாத்ரூமில் தொங்கவிடும் வாசனைக் கட்டியையும் ரூம் ஸ்பிரேயையும் நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன். எடுத்துவிடுங்கள். அப்புறம் நாற்றம் வந்தால் காரணத்தைத் தேடுங்கள். யாரும் அதிகம் புழங்காத பாத்ரூமாக இருந்தால் தரையில் ஜாலிக்குக் கீழே நானி டிராப் காய்ந்து போயிருக்கும். பிளம்பர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கிற மூடி. வெயில் காலத்தில் புழக்கம் இல்லாவிட்டால் வற்றிவிடும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். எத்தனையோ வீடுகளில் மாதம் ஒரு ஸ்பிரே டப்பா வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு நான் சொன்ன வைத்தியம் இந்தச் சொம்புத் தண்ணீர்தான்.

கடையில் வாங்கியே தீர வேண்டியவை உண்டு, துணி சோப்பு மாதிரி. வாசனை சேர்க்காததாகப் பாருங்கள். 'அன்சென்டட்' என்று மட்டும் போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். மூலப்பொருளின் வாடையை அமுக்க இன்னொரு மணத்தைச் சேர்த்துவிட்டு அப்படி எழுதுவதுண்டு, நானே அப்படித் தயாரித்திருக்கிறேன். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்றால்தான் வாசனையே சேர்க்கவில்லை என்று அர்த்தம். சேர்மானப் பட்டியலில் பெர்ஃப்யூம் என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டையும்விட நம்பகமானது.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு சந்தேகத்தையும் எழுப்புகிறேன். மாப் போட்ட அன்று இருமல் வருகிறது என்கிறீர்கள். மாப் போடுவதற்கு முன்னால் அந்த அக்கா விளக்குமாறால் பெருக்குவார் அல்லவா? கட்டிலுக்கு அடியில் இருக்கும் தூசியெல்லாம் அப்போதுதான் எழும்புகிறது. காரணம் லாவெண்டரா தூசியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் ஃப்ளோர் கிளீனர், ஸ்பிரே, ஊதுபத்தி, கொசுவர்த்தி, துணிக்குப் போடும் வாசனை கண்டிஷனர் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துங்கள். காலண்டரில் இருமின நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி குறைந்தால் வாசனைதான். குறையவில்லை என்றால் தூசி, கரப்பான், சுவரில் பூஞ்சை என்று அடுத்ததைத் தேட வேண்டும். பெருக்கும்போது பிள்ளை மொட்டை மாடியிலோ வாசலிலோ விளையாடட்டும். தலையணையுறையும் போர்வையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் போகட்டும். இன்ஹேலரை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, புள்ளி ஒன்றுகூட இல்லாவிட்டாலும். அந்தக் காலண்டரையே அவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக அந்துருண்டை. அது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்த அணுக்கள் சிதையும். அந்துருண்டை போட்டு வைத்த துணியில் சுற்றப்பட்ட பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததும் உண்டு. அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. பார்க்கக் கற்பூரம் மாதிரி, மிட்டாய் மாதிரி வேறு இருக்கும். அதற்குப் பதிலாகக் கற்பூரம் வைக்கலாமா என்று கேட்பார் உங்கள் மாமியார். வேண்டாம். குழந்தை கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரவழைக்கும் பொருள் அது, மணமும் குறைந்ததில்லை. வேர்வை பட்ட துணியைத் துவைக்காமல் உள்ளே வைப்பதுதான் அந்துப்பூச்சிக்கு விருந்து. துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மூடி போட்ட பெட்டியில் வையுங்கள், வருடத்துக்கு இரண்டு முறை வெயில் காட்டுங்கள். இப்போது பீரோவில் இருக்கும் உருண்டைகளை எடுத்தவுடன் அங்கிருக்கும் துணியைப் பிள்ளைக்குப் போட்டுவிடாதீர்கள். கதவைத் திறந்து வைத்து, துணிகளை இரண்டு நாள் கொடியில் காற்றாட விட்டு, ஒருமுறை துவைத்து, முகர்ந்து பாருங்கள். உங்கள் மாமியாரையே முகரச் சொல்லுங்கள். அவர் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் போடலாம்.